ஸ்டீல் கிட்டாரில் கிறிஸ்துமஸ் பாட்டு: சைலண்ட் நைட்டில் தொடங்கலாம்

கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பார்த்தால் ஸ்டீல் கிட்டாருக்கென்றே எழுதியவை மாதிரி இருக்கும். மெதுவான நடை, நீண்டு நிற்கும் சுரங்கள், மூன்று நான்கு கார்டுகளுக்குள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) முடிந்துவிடும் அமைப்பு. ஆனால் இவற்றை வாசிப்பது சுலபமில்லை. கேட்கிற எல்லோருக்கும் மெட்டு மனப்பாடம் என்பதுதான் காரணம். தெரியாத பாட்டில் ஒரு சுரம் கொஞ்சம் இறங்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சைலண்ட் நைட்டில் அது நடந்தால் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். அதனால் இங்கே விரல் வேகத்தைவிட மூன்று விஷயங்கள் முக்கியம்: பாரை, அதாவது கம்பி மேல் வைத்து நகர்த்தும் இரும்புத் துண்டை, சரியான இடத்தில் வைப்பது, தேவையில்லாத கம்பியை அடக்குவது, பாட்டின் சொல்லைப் பின்பற்றி மீட்டுவது. மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

மடியில் வைத்து வாசிக்கும் ஆறு கம்பி லேப் ஸ்டீலை சி6 ட்யூனிங்கிலும், காலால் பெடல் அழுத்திக் கம்பியின் சுரத்தை மாற்றும் பத்துக் கம்பி பெடல் ஸ்டீலை இ9 ட்யூனிங்கிலும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். முதலாவது ஹவாய் மரபில் வந்தது. ஓவாஹு தீவின் லாயியே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பி மேல் இரும்பை நகர்த்தி வாசித்த முறைதான் அதன் தொடக்கம் என்று சொல்வார்கள். இரண்டாவது நாஷ்வில் கன்ட்ரி இசையில் வளர்ந்தது. ஒரே பாட்டு இரண்டிலும் வேறு வேறு வழியில் வரும். இரண்டையும் தெரிந்துகொண்டால் ஒன்றில் வராத நயத்தை மற்றொன்றில் எப்படிக் கொண்டுவருவது என்பது பிடிபடும்.

சி6 ட்யூனிங்கும் கம்பிகளும்

சி6 ட்யூனிங்கில் முதல் கம்பியிலிருந்து வரிசை: இ, சி, ஏ, ஜி, இ, சி. முதல் கம்பி சாதாரண கிட்டாரின் முதல் கம்பிக்குச் சமமான இ. 22.5 அங்குல ஸ்கேல் (ஒலிக்கும் கம்பியின் நீளம்) உள்ள லேப் ஸ்டீலுக்கு அங்குலத்தில் 0.015, 0.018, 0.022, 0.026, 0.030, 0.038 என்ற கனங்கள் பொருந்தும். கடையில் கிடைக்கும் சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் செட்டை அப்படியே மாட்டினால் சில கம்பிகள் தளர்ந்தும் சில விறைத்தும் இருக்கும். தளர்ந்த கம்பியில் பாரின் எடையே சுரத்தைக் கெடுத்துவிடும். செட் கிடைக்காவிட்டால் தனித்தனிக் கம்பியாக வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த ட்யூனிங்கில் எந்த ஃப்ரெட்டில் (கம்பிக்கு அடியில் அரைச் சுரத்துக்கு ஒன்றாகக் குறித்திருக்கும் கோடு) பாரை நேராக வைத்தாலும் 1, 2, 4 கம்பிகளில் ஒரு மேஜர் கார்டு கிடைக்கும். 1, 2, 3 கம்பிகளில் அதன் உறவு மைனர் கிடைக்கும். 12ஆம் ஃப்ரெட்டில் சி மேஜரும் ஏ மைனரும். 7இல் ஜி மேஜரும் இ மைனரும். 5இல் எஃப் மேஜரும் டி மைனரும். கிறிஸ்துமஸ் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்று இடங்கள் போதும்.

சைலண்ட் நைட், 12ஆம் ஃப்ரெட்டில்

1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊர் தேவாலயத்தில் முதன்முதலில் பாடப்பட்டபோது இந்தப் பாட்டுக்குத் துணையாக ஒலித்தது கிட்டார்தான். சொல் ஜோசப் மோர் எழுதியது, மெட்டு ஃபிரான்ஸ் க்ரூபர் போட்டது. மெட்டை நம் சுரத்தில் சொன்னால் இப்படி வரும்:

ப த ப க, ப த ப க
மேல் ரி ரி நி, மேல் ச ச ப
த த ச நி த, ப த ப க (இந்த வரி இரண்டு முறை)
மேல் ரி ரி ம ரி நி, ச, க
மேல் ச, ப க, ப ம ரி, ச

சி ஸ்கேலில், 12ஆம் ஃப்ரெட்டில் பாரை வைத்துக்கொள்ளுங்கள். ‘ப’ நான்காம் கம்பி, ‘த’ மூன்றாம் கம்பி, ‘க’ ஐந்தாம் கம்பி. முதல் இரண்டு சொற்றொடர்களுக்கும் பாரை நகர்த்தவே வேண்டாம்: 4, 3, 4, 5.

அடுத்த வரியில் ‘ரி’ இரண்டாம் கம்பி 14ஆம் ஃப்ரெட். ‘நி’ அதே 14இல் மூன்றாம் கம்பி. பிறகு 12க்குத் திரும்பி ‘ச’ இரண்டாம் கம்பி, ‘ப’ நான்காம் கம்பி. ‘த த’ மூன்றாம் கம்பி 12. ‘ச’ இரண்டாம் கம்பி 12. ‘நி’ இரண்டாம் கம்பி 11. மறுபடி ‘த’ மூன்றாம் கம்பி 12. உச்சத்தில் வரும் மேல் ‘ம’ முதல் கம்பி 13ஆம் ஃப்ரெட், அதைத் தொடரும் ‘ரி’யும் ‘நி’யும் 14ஆம் ஃப்ரெட்டின் 2, 3 கம்பிகள், பிறகு 12இல் ‘ச’ இரண்டாம் கம்பி, ‘க’ முதல் கம்பி. கடைசி வரியில் ‘ச ப க ப’ நான்கும் 12ஆம் ஃப்ரெட்டில் 2, 4, 5, 4; ‘ம’ ஐந்தாம் கம்பி 13; ‘ரி’ ஆறாம் கம்பி 14; ‘ச’ ஆறாம் கம்பி 12.

முழுப் பாட்டும் 11க்கும் 14க்கும் இடையில் அடங்கிவிடுகிறது. பாடல் புத்தகங்களில் பி ஃப்ளாட் ஸ்கேலில் இருந்தால் எல்லாவற்றையும் இரண்டு ஃப்ரெட் இறக்கி 10ஐ வீடாக வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவர்கள் 7ஆம் ஃப்ரெட்டில், ஜி ஸ்கேலில் பழகுவது நல்லது. ஒலி தாழ்ந்துதான் வரும். ஆனால் 22.5 அங்குல ஸ்கேலில் 12க்கும் 13க்கும் இடையே சுமார் 16 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. 7க்கும் 8க்கும் இடையே 21 மில்லிமீட்டர். 12இல் பார் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் சுமார் 6 சென்ட் பிசகும் (அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்). இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் யாருக்கும் தெரியும். சாதாரண கிட்டாரில் விரலை ஃப்ரெட்டுக்குப் பின்னால் வைக்கிற பழக்கம் இருப்பவர்கள் பாரையும் அப்படியே பின்னால் வைத்து, பாட்டு முழுவதையும் இறக்கி வாசிப்பார்கள். பாரின் நடுக்கோடு ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் கண் ஏமாற்றும். அந்த ஃப்ரெட்டுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து பாருங்கள்.

அந்த முதல் ‘ப த ப’

பாரை நகர்த்த வேண்டியதில்லை என்பதால் முதல் வரி சுலபம் என்று தோன்றும். இந்தப் பாட்டிலேயே கஷ்டமான இடம் அதுதான். நான்காம் கம்பிக்கும் மூன்றாம் கம்பிக்கும் இடைவெளி ஒரே ஒரு முழுச் சுரம். ‘ப’ ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ‘த’ மீட்டினால் இரண்டும் சேர்ந்து கரகரக்கும். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு வெள்ளைக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தின ஒலி அது. ஆம்ப்ளிஃபயரில் ரிவெர்ப் (அறை எதிரொலி போன்ற விளைவு) வேறு இருந்தால் முதல் வார்த்தையிலேயே பாட்டு கலங்கிவிடும்.

இதற்கு வழி பிக் பிளாக்கிங். நான்காம் கம்பியைக் கட்டைவிரலில் மாட்டிய பிக்கால் மீட்டுங்கள். மூன்றாம் கம்பியை ஆள்காட்டி விரல் மீட்டுகிற அதே கணத்தில் கட்டைவிரல் பிக் நான்காம் கம்பி மேல் திரும்ப வந்து உட்கார வேண்டும். அடுத்து கட்டைவிரல் மீட்டும்போது ஆள்காட்டி விரல் மூன்றாம் கம்பி மேல் வந்து அடக்க வேண்டும். ஒரு விரல் எழும்போது மற்றது அமர்கிறது. ‘அமர்வது’ ஒரு கணம் முந்தினால் சுரம் துண்டாகும். பிந்தினால் கரகரப்பு வரும். மெட்ரோனோமை 60இல் வைத்து இந்த இரண்டு கம்பிகளை மட்டும், பார் இல்லாமல் வெறும் கம்பியில் பழகுங்கள். சுத்தமாக வந்த பிறகு பாரை வையுங்கள்.

உள்ளங்கையின் ஓரத்தால் எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாக அடக்கும் பாம் பிளாக்கிங்கும் பயன்படும். ஆனால் இந்தப் பாட்டில் அதை மட்டும் நம்பினால் ஒவ்வொரு சுரத்துக்குப் பிறகும் ஒரு சின்ன வெட்டு விழும். சொற்றொடர் முடிகிற இடங்களுக்கு அதை வைத்துக்கொள்வேன்.

இடது கையிலும் ஒரு வேலை உண்டு. பாரைப் பிடித்திருக்கும் விரல்களுக்குப் பின்னால், தலைப்பக்கமாக, மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பிகள் மேல் லேசாகப் படிந்திருக்க வேண்டும். பாருக்குப் பின்னால் இருக்கும் கம்பித் துண்டும் ஒலிக்கக்கூடியது. அடக்காவிட்டால் எங்கிருந்தோ ஒரு சம்பந்தமில்லாத சுரம் கசியும். 12ஆம் ஃப்ரெட்டில் அது இன்னும் அதிகம், ஏனென்றால் பின்னால் இருப்பது கம்பியின் சரிபாதி.

அடக்கக் கூடாத இடமும் ஒன்று இருக்கிறது. ‘ஹெவன்லி பீஸ்’ என்பதில் ‘பீஸ்’ என்ற ஒரே சொல் ‘ச’விலிருந்து மேல் ‘க’வுக்கு ஏறுகிறது. இரண்டாம் கம்பியில் ‘ச’ ஒலித்துக்கொண்டே இருக்கட்டும். அதன் மேல் முதல் கம்பியின் ‘க’வை வையுங்கள். இரண்டும் சேர்ந்து கார்டாக நிற்கும்போதுதான் அந்த இடம் நிறையும்.

ஓர் அசைக்கு ஒரு மீட்டு

பாட்டில் எத்தனை சுரம் என்று எண்ணாமல் எத்தனை அசை என்று எண்ணுங்கள். ‘சை-லண்ட் நைட்’ மூன்று அசை, நான்கு சுரம். ‘சை’ என்ற அசையே ‘ப’விலிருந்து ‘த’வுக்குப் போகிறது. பாடுகிறவர் அங்கே மூச்சை வெட்டுவதில்லை, நாமும் வெட்டக் கூடாது. நான்காம் கம்பியை 12இல் மீட்டி, மறுபடி மீட்டாமல் பாரை 14க்கு நகர்த்தினால் ‘த’ வரும். 12க்குத் திரும்பி ‘லண்ட்’ என்பதற்கு மறுபடி மீட்டலாம். இப்படி வாசித்தால் சொல் கேட்கும். ஆனால் பார் நகரும் வழுக்கலும் கேட்கும். முதல் சரணத்தில் கம்பி மாற்றிச் சுத்தமாக வாசித்துவிட்டு, இரண்டாம் சரணத்தில் இந்த நகர்த்தலைக் கொண்டுவருவது என் விருப்பம். கேட்பவர்களுக்கு இரண்டும் வேறு குரலாகப் படும்.

மூன்றாம் வரி இதற்கு இன்னும் நல்ல பாடம். ‘ரவுண்ட் யான் வர்ஜின்’ என்பதில் ‘வர்’ என்ற ஒரே அசை ‘ச நி’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறது; அதனால் இரண்டாம் கம்பியை 12இல் மீட்டி, மீட்டாமலே 11க்கு இறக்க வேண்டும். அதே மெட்டு திரும்ப வரும்போது சொல் ‘ஹோலி இன்ஃபன்ட்’. இப்போது ‘இன்’ ஓர் அசை, ‘ஃபன்ட்’ ஓர் அசை. ‘ச’ ஒரு மீட்டு, ‘நி’ ஒரு மீட்டு. சுரம் அதே, மீட்டு வேறு. இதைக் கடைப்பிடித்தால் சொல்லே இல்லாமல் வாசிக்கும்போதும் கேட்பவர் மனதில் வார்த்தை தானாக ஓடும். தமிழிலோ வேறு மொழியிலோ பாடும் குழுவுடன் வாசிக்கும்போது அசைகள் வேறு இடத்தில் விழும். ஒத்திகையில் ஒரு முறை வாசிக்காமல் கேட்டு, எந்த அசை எத்தனை சுரத்துக்கு நீள்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வழுக்கலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோட்டு வாத்தியமோ வீணையோ பழகியவர்கள் ஸ்டீல் கிட்டாருக்கு வந்தால் பார் கட்டுப்பாடு சீக்கிரம் வந்துவிடும். காதும் ஏற்கெனவே கூர்மையாக இருக்கும். ஆனால் சுரத்துக்குச் சுரம் கமகம் போடும் கை இங்கே இடைஞ்சல். இந்த மெட்டுகளின் சுரங்கள் அசையாமல் நேராக நிற்க வேண்டியவை. அடியில் ஆர்கன் கார்டு போட்டுக்கொண்டிருக்கிறது. விப்ராட்டோவும் (சுரத்தை லேசாக நடுங்கவிடுவது) நீண்ட சுரத்துக்கு மட்டும், அதுவும் சுரம் நேராக நின்ற பிறகு தொடங்கி, மெதுவாக. நடு இடத்துக்கு இரு பக்கமும் சமமாகப் பார் அசைய வேண்டும். ஒரு பக்கமே அசைந்தால் சராசரிச் சுரம் பிசகும்.

பெடல் ஸ்டீலில்: 8ஆம் ஃப்ரெட், பார் அசையவே அசையாது

இ9 ட்யூனிங்கில் முதல் கம்பியிலிருந்து எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், இ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ, டி, பி. ஏ பெடல் 5, 10ஆம் கம்பிகளை ஒரு முழுச் சுரம் ஏற்றும். பி பெடல் 3, 6ஆம் கம்பிகளை அரைச் சுரம் ஏற்றும். 8ஆம் ஃப்ரெட்டில் பெடல் எதுவும் அழுத்தாமல் சி மேஜர்.

இங்கே ‘ப’ ஐந்தாம் கம்பி. ஏ பெடலை அழுத்தினால் அதே கம்பி ‘த’ ஆகிறது. ‘சை’ என்ற அசைக்கு ஒரே மீட்டு. கால் அழுத்த ‘த’ வரும். காலை எடுத்து ‘லண்ட்’ மீட்டினால் ‘ப’. ஆறாம் கம்பி ‘க’. லேப் ஸ்டீலில் பட்ட பாடெல்லாம் இங்கே கணுக்காலின் ஓர் அசைவில் தீர்ந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது வேகம். ‘த’ அரைத் தாளம்தான் நிற்கிறது. பெடலை மெதுவாக அழுத்தினால் சுரம் நெளிந்து ஏறி, ‘த’வை அடையும்போது நேரம் முடிந்திருக்கும். தாளத்தில் சட்டென்று, தடை தட்டும் வரை அழுத்த வேண்டும். முக்கால்வாசி அழுத்தி நிறுத்தினால் சுரம் இறங்கியே நிற்கும். இந்தப் பாட்டு இறக்கமாகக் கேட்பதற்கு மிகப் பொதுவான காரணம் அதுதான்.

‘ரி’ முதல் கம்பி, ‘நி’ இரண்டாம் கம்பி. 1960களின் தொடக்கத்தில் பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸ் இ9இல் சேர்த்த இரண்டு கம்பிகள் இவைதான். அவை இருப்பதால்தான் பாரை நகர்த்தாமல் இந்த வரி முடிகிறது. ஐந்தாம் கம்பியையும் சேர்த்து 1, 2, 5 மீட்டினால் ஜி மேஜர் கார்டே கிடைக்கும்.

‘ரவுண்ட் யான்’ வருவதற்குள் ஏ, பி பெடல்கள் இரண்டையும் ஒலியில்லாமல் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். 8ஆம் ஃப்ரெட் இப்போது எஃப் மேஜர். ‘த’ ஐந்தாம் கம்பி, அடியில் ஆறாம் கம்பி துணை. ‘ச’ நான்காம் கம்பி. ‘நி’க்கு, இ கம்பிகளை அரைச் சுரம் இறக்கும், முழங்காலால் தள்ளும் லீவர். அந்த ‘ச நி’ இடத்தில் நான்காம் கம்பியை மட்டும் தனியாக வாசியுங்கள். ஐந்தாம் கம்பியும் ஒலித்தால் பக்கத்துச் சுரத்தோடு மோதும். உச்ச ‘ம’ மூன்றாம் கம்பியும் பி பெடலும். கடைசி வரியில் ‘ம’ ஆறாம் கம்பியும் பி பெடலும், ‘ரி’ ஏழாம் கம்பி, ‘ச’ எட்டாம் கம்பி.

வால்யூம் பெடலை மீட்டும்போது பாதிக்குக் கீழே வைத்து, ஒலி தேயத் தேய மெல்லத் திறப்பதுதான் முறை. முழுதாகத் திறந்துவைத்து மீட்டினால் தேய்மானத்தை ஈடுகட்ட இடமே இருக்காது. அதே சமயம் ஒவ்வொரு சுரத்தையும் அடியிலிருந்து ஊதிப் பெருக்குவது இரண்டே வரியில் சலித்துவிடும். சொற்றொடர் முழுவதற்கும் ஒரே ஏற்றம் போதும்.

ஆர்கனோடு சேரும்போது சுருதி

ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் கார்டின் மூன்றாம் சுரத்தை, அதாவது காந்தாரத்தை, ட்யூனர் காட்டுவதைவிடக் கொஞ்சம் இறக்கியே சேர்ப்பார்கள். இயற்கையான மேஜர் காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் குறைவு. தனியாக வாசிக்கும்போது அப்படிச் சேர்த்தால் கார்டு தேனாக ஒலிக்கும். ஆர்கனோ கீபோர்டோ பக்கத்தில் வந்தவுடன் அதே காந்தாரம் இறங்கினதாகக் கேட்கும்.

சி6இல் காந்தாரம் 1, 5ஆம் கம்பிகள். அதே முதல் கம்பி ஏ மைனரில் பஞ்சமமாகிறது. பஞ்சமம் இறங்கினால் சோர்ந்துபோகும். மேஜர் பாட்டும் மைனர் பாட்டும் கலந்து வாசிக்கும் மாலையில் 3, 4 சென்ட்டுக்கு மேல் இறக்காமல் விடுவதே நல்லது. கீபோர்டுதான் முழுத் துணை என்றால் ட்யூனரின் நடுவிலேயே வைத்துவிடுங்கள். மீதியைப் பாரால் காது பார்த்துக்கொள்ளும். பெடல் ஸ்டீலில் ஏ, பி பெடல்களை அழுத்தும்போது கருவியின் உடல் லேசாக வளைந்து மற்ற கம்பிகள் சில சென்ட் இறங்கும். அதனால் இ கம்பிகளைப் பெடல் அழுத்தியும் அழுத்தாமலும் பார்த்து நடுவில் நிறுத்த வேண்டும்.

மற்ற பாட்டுகள்

‘பக்தரே வாரும்’ என்று நமக்குத் தெரிந்த மெட்டை ஜி ஸ்கேலில் 7ஆம் ஃப்ரெட்டில் வைத்துக்கொள்ளலாம். ‘ச’ இரண்டாம் கம்பி, கீழ் ‘ப’ நான்காம் கம்பி, ‘க’ முதல் கம்பி, ‘ம’ முதல் கம்பி 8, ‘ரி’ இரண்டாம் கம்பி 9. பல்லவி மூன்று முறை அடுக்கி ஏறுவதுதான் இதன் உயிர். முதல் முறை ஒற்றைச் சுரம். இரண்டாம் முறை ஜோடிச் சுரம்: ‘க’வுக்கு 1, 2 கம்பிகள் 7இல், ‘ரி’க்கு 2, 3 கம்பிகள் 9இல். ‘ம’வுக்கும் ஜோடி வேண்டுமென்றால் 2, 3 கம்பிகளை 12இல் எடுக்க வேண்டும், அந்தத் தாவலில் தாளம் தடுமாறும். பாரைச் சாய்த்து எட்டிலும் ஒன்பதிலும் எடுக்கலாம், ஆனால் சாய்ந்த பாரில் இரண்டு சுரமும் சுத்தமாக விழ வெகுநாள் பழக்கம் வேண்டும். அந்த ஒரு சுரத்தை மட்டும் ஒற்றையாக விட்டுவிடுங்கள். யாருக்கும் குறையாகப் படாது. மூன்றாம் முறை எல்லோரும் சேர்ந்து பாடும்போது முழுக் கார்டு.

‘ஜாய் டு த வேர்ல்ட்’ சங்கராபரண அவரோகணம்தான்: ச நி த ப, ம க ரி ச. டி ஸ்கேலில் 14ஆம் ஃப்ரெட்டை வீடாக வைத்தால் ‘ச’ இரண்டாம் கம்பி 14, ‘நி’ இரண்டாம் கம்பி 13, ‘த’ மூன்றாம் கம்பி 14, ‘ப’ நான்காம் கம்பி 14, ‘ம’ ஐந்தாம் கம்பி 15, ‘க’ ஐந்தாம் கம்பி 14, ‘ரி’ ஆறாம் கம்பி 16, ‘ச’ ஆறாம் கம்பி 14. ஒரே கம்பியில் வழுக்கி இறங்கும் ஆசையை அடக்குங்கள். இந்த மெட்டை வேறு ஏதோ வெறும் இறக்கத்திலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் தாளம்தான்: ‘ச’ ஒன்று, ‘நி’ முக்கால், ‘த’ கால், ‘ப’ ஒன்றரை, ‘ம’ அரை. வழுக்கினால் முதலில் போவது அதுவே.

‘வாட் சைல்ட் இஸ் திஸ்’, அதாவது பழைய கிரீன்ஸ்லீவ்ஸ் மெட்டு, சி6க்கு மிகப் பொருத்தமான மைனர் பாட்டு. ஏ மைனரில் 12ஆம் ஃப்ரெட்டில் மூன்றாம் கம்பியில் தொடங்கி, இரண்டாம் கம்பி, அதே கம்பி 14, முதல் கம்பி 12. அதற்கு மேல் வரும் சுரத்தைச் சிலர் எஃப் என்றும் சிலர் எஃப் ஷார்ப் என்றும் பாடுவார்கள். இரண்டும் வழக்கில் உண்டு. கீபோர்டுக்காரரோடு முன்கூட்டியே ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் வரியிலேயே மோதல்.

‘ஜிங்கிள் பெல்ஸ்’ இந்தக் கருவிக்கு இயல்பான பாட்டில்லை. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருவதால், முந்தைய மீட்டு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டியும் மாறி மாறி அதே கம்பியில் உட்கார்ந்து எழுந்தால் கொஞ்சம் தெளியும். கூட்டம் கேட்டால் வாசிக்கலாம். நிகழ்ச்சியை அதில் தொடங்க வேண்டாம்.

மணி ஓசை

ஹார்மோனிக்ஸ் முறையில் மணி ஓசை எழுப்பலாம். பார் இருக்கும் ஃப்ரெட்டிலிருந்து 12 ஃப்ரெட் மேலே, வலது உள்ளங்கையின் ஓரத்தால் கம்பியை அழுத்தாமல் தொட்டு, மீட்டிய மறுகணம் கையை எடுங்கள். பார் 5இல் இருந்தால் தொடும் இடம் 17. கை எடுப்பது தாமதித்தால் ‘டொக்’ என்று செத்த ஒலிதான் வரும். பார் 12இல் இருந்தால் தொடும் இடம் 24. அங்கே மீட்டும் கைக்கு இடம் குறைவு. அதனால் மணி ஓசைக்குக் கீழ் ஃப்ரெட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். 5ஆம் ஃப்ரெட்டில் எஃப் கார்டின் நான்கு, இரண்டு, முதல் கம்பிகளை ஒவ்வொன்றாக இப்படி எழுப்பினால் ஒரு முன்னிசைக்குப் போதும். பாட்டு முழுவதும் செய்தால் அதன் அருமை போய்விடும்.

தேவாலயத்தில்

உயரமான கூரையுள்ள கட்டடம் தானே ரிவெர்ப் தரும். ஆம்ப்ளிஃபயரில் வீட்டில் வைத்த ரிவெர்ப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். டிலே (சுரத்தைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் விளைவு) வேண்டாம். ட்ரெபிளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறக்குங்கள். இறக்காவிட்டால் பாடுபவர்களின் குரல் இருக்கும் இடத்தை அது அடைத்துக்கொள்ளும்.

குளிர்நாட்டு டிசம்பரில் காரிலிருந்து எடுத்தவுடன் சுருதி சேர்ப்பது வீண் வேலை. குளிரில் கம்பி சுருங்கிச் சுரம் ஏறியிருக்கும். அறையின் சூட்டில் தளர்ந்து இறங்கும். அரை மணி நேரம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சேருங்கள். மெழுகுவர்த்தி ஏற்றி மின்விளக்கை அணைக்கும் ஆராதனைகளில் ஃப்ரெட் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. வீடாக வைத்திருக்கும் ஃப்ரெட்டின் ஓரத்தில் வெள்ளை டேப்பில் ஒரு சிறு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள், அல்லது மறைப்புள்ள சிறு விளக்கு ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

புதுக் கம்பியைக் கடைசி நாளில் மாட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்பே மாட்டி இழுத்துவிட்டு நிலைக்க விடுங்கள். பெடல் ஸ்டீலில் அதிகம் அறுவது மூன்றாம் கம்பி. 0.011 கனமுள்ள அந்த ஜி ஷார்ப் கம்பி மிக இறுக்கமானது, பி பெடல் அதை ஒவ்வொரு முறையும் இன்னும் இழுக்கிறது. உச்சத்து ‘ம’ அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. மாற்றுக் கம்பி இரண்டு, வெட்டுக் குறடு ஒன்று, இவை ஆம்ப்ளிஃபயர் மேலேயே இருக்கட்டும். நடுப்பாட்டில் அறுந்துவிட்டால் மேல் ‘ம’வை நான்காம் கம்பியில் 13ஆம் ஃப்ரெட்டில் எடுத்துக்கொண்டு, உடனே 8க்கு இறங்கி முதல் கம்பி ‘ரி’யில் தொடரலாம். ஒத்திகையின்போதே ஒரு தடவை அப்படி வாசித்துப் பார்த்துவிடுங்கள்.